முப்பது பேராக எண்ணப்பட்டவன்

கருத்துக்கணிப்பு மையம்,
டன்மோர் பல்கலைக்கழகம்,
அக்டோபர் 8

அன்புள்ள வெஸ்லி கோசக்,

இப்படி ஒரு கடிதத்தை எழுதவே கூடாது என்று ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித் தருபவள் நான். கருத்துக் கேட்கிறவர் கேட்டு முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதில் சொன்னவரிடம் திரும்பிப் போய் "நிஜமாகத்தான் சொன்னீர்களா?" என்று கேட்டால் அவர் மனம் கலைந்துவிடும், அதன் பிறகு அவர் சொல்வது அவர் கருத்தாக இருக்காது. இவ்வளவும் தெரிந்துதான் எழுதுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் எங்கள் நிரந்தரக் குழுவில் ஒருவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேள்வித்தாளும் ஒரு பென்சிலும் தபாலில் வரும். உங்கள் வயது இளைஞர்கள் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதற்கு முதலில் நன்றி.

கவர்னர் தேர்தல் பற்றிய கேள்வியில் இதுவரை நீங்கள் ரிட்ஜ்லி பக்கமே நின்றிருக்கிறீர்கள். கடைசியாக வந்த தாளில் அவரை எதிர்த்து நிற்கும் தெரேசா மில்பர்னுக்குக் குறித்திருக்கிறீர்கள். மனம் மாறியிருந்தால் அது உங்கள் உரிமை, காரணம் சொல்ல வேண்டாம். கட்டம் தவறி வேறு இடத்தில் குறித்திருந்தால் மட்டும் ஒரு வரி எழுதுங்கள். கணிப்பு முடிவை வெள்ளிக்கிழமை வெளியிட்டுவிட்டோம். அன்று முதல் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள்,
ரோவேனா டீட்ஸ்
இயக்குநர்


கோசக் பண்ணை,
லட்டிமர் கவுண்டி,
அக்டோபர் 12

டாக்டர் டீட்ஸ்,

வெஸ்லி உயிரோடு இல்லை. போன வருஷம் பிப்ரவரியில் பனிவண்டியில் உறைந்த ஏரியைக் கடக்கும்போது பனி உடைந்து உள்ளே போய்விட்டான். வயது இருபத்திரண்டு.

உங்கள் குழுவில் சேர்கிறேன் என்று அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பியது அவன்தான். அது அந்த ஜனவரியில். முதல் கேள்வித்தாள் வந்தபோது அவன் இல்லை. அன்று முதல் எழுதி அனுப்புவது நான், அவனுடைய அப்பா. செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும், அதற்கு நீங்கள் என்னைத் திட்டலாம்.

ஆனால் ஒன்று. நான் மில்பர்னுக்குக் குறிக்கவில்லை. ரிட்ஜ்லிக்குத்தான் குறித்தேன். என் பையன் அந்தப் பொம்பளைக்கு ஓட்டுப் போடுகிறவன் இல்லை. தவறு உங்கள் பக்கம், நன்றாகப் பாருங்கள்.

வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள். போனை எடுப்பது என் மனைவி டோரீன். அவளுக்கு இது எதுவும் தெரியாது. எழுதுவதாக இருந்தால் டவுன் பால் கூட்டுறவுச் சங்கத்து முகவரிக்கு என் பெயர் போட்டு எழுதுங்கள்.

ஆர்லன் கோசக்


டன்மோர்,
அக்டோபர் 15

அன்புள்ள திரு. கோசக்,

உங்கள் கடிதத்தைத் தாழ்வாரத்தில் நின்றபடியே பிரித்தேன். முதல் வரியைப் படித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எதிரே வந்த மாணவன் "டாக்டர், தண்ணி வேணுமா?" என்று கேட்டான். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

உங்கள் மகனுக்காக மிகவும் வருந்துகிறேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு வந்தது வருத்தம் இல்லை, பயம். அதற்காக வெட்கப்படுகிறேன். பயந்தது ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மாநிலம் முழுக்க எண்ணூறு பேரைக் கேட்கிறோம். எல்லா வகை ஆட்களும் ஊரில் இருக்கிற அளவுக்கே எங்கள் எண்ணூறிலும் இருந்தால் பிரச்சினை இல்லை. அப்படி ஒருபோதும் அமையாது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் எழுதுவார்கள். கல்லூரிக்குப் போகாத கிராமத்து இளைஞர்கள் எழுதவே மாட்டார்கள். அதனால் எழுதுகிற அந்த ஒருவரை, எழுதாத மற்றவர்களுக்கும் சேர்த்து எண்ணுவோம். எல்லா மையங்களும் இதைத்தான் செய்கின்றன. ஆனால் அவர்கள் ஒருவரை ஐந்து பேருக்கு மேல் எண்ணமாட்டார்கள், அதற்கு மேல் போனால் வெட்டிவிடுவார்கள். நான் வெட்ட மறுத்தேன். "டன்மோர் யாருடைய குரலையும் வெட்டாது" என்று மேடை மேடையாகப் பேசினேன். கைதட்டினார்கள். எனக்கும் பிடித்திருந்தது.

வடக்குக் கவுண்டிகளில் அந்த வயதில், அந்த வகையில், எங்களுக்குப் பதில் எழுதியவர் ஒரே ஒருவர். திரு. கோசக், உங்கள் மகனை நாங்கள் முப்பது பேராக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஒரு குறி இடம் மாறியதில் ரிட்ஜ்லியின் நாலு சதவீதப் புள்ளி முன்னிலை போய், மில்பர்ன் மூன்று புள்ளி முன்னால் வந்துவிட்டார். அந்தச் செய்தி நாடு முழுக்கப் போனது. ரிட்ஜ்லி தன் பிரசாரத் தலைவரை அன்று மாலையே வேலையை விட்டு நீக்கினார். மில்பர்ன் கூட்டங்களில் இப்போது நிற்க இடம் இல்லையாம். ஒரு மாநிலமே தலைகீழாகத் திரும்பிவிட்டது என்று நான்தான் டை கட்டின நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் விளக்கம் சொன்னேன். யாரும் திரும்பவில்லை. உயிரோடு இல்லாத ஒருவருடைய தாளில் ஒரு குறி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெஸ்லியின் பதில்களை நான் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். நீக்கினால் மட்டும் போதாது, நீக்கியதை வெளியே சொல்லவும் வேண்டும். அதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் குறித்தது ரிட்ஜ்லிக்கு என்றால், எங்கள் கணக்கில் மில்பர்ன் எப்படி வந்தார்? நிதானமாக யோசித்து எழுதுங்கள்.

ரோவேனா டீட்ஸ்


லட்டிமர் கவுண்டி,
அக்டோபர் 19

டாக்டர் டீட்ஸ்,

முப்பது பேரா?

பால் சங்கத்து வாசலில் லாரிக்குள் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு இறங்கத் தோன்றவில்லை. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். ஒருத்தனை முப்பது பேர் என்று எண்ணலாம் என்று யார் உங்களுக்குச் சொன்னது? நான் சங்கத்தில் ஒரு கேன் பாலைக் கொடுத்துவிட்டு முப்பது கேன் என்று எழுதினால் என்னை ஜெயிலில் போடுவார்கள். நீங்கள் செய்தால் அதற்கு டாக்டர் பட்டம்.

சரி, என் முறைக்கு வருகிறேன். முதல் கேள்வித்தாள் வந்தபோது திருப்பி அனுப்பத்தான் கையில் எடுத்தேன். அந்த மாதம் வந்த தபால் எல்லாமே ஒரே மாதிரி இருந்தது. வங்கி, காப்பீட்டுக் கம்பெனி, வாகன அலுவலகம், எல்லாரும் "காலஞ்சென்ற வெஸ்லி கோசக்" என்று அச்சடித்து அனுப்பினார்கள். உங்கள் தாளில் மட்டும் மேலே "வெஸ்லி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று இருந்தது. எனக்குக் கிழிக்க மனம் வரவில்லை.

நான் என் கருத்தை எழுதினேன் என்று நினைக்காதீர்கள். சத்தியமாக இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அவன் என்ன சொல்வான் என்றே யோசித்தேன். கஞ்சாவைக் கடையில் விற்க அனுமதிக்கலாமா என்று ஒரு தடவை கேட்டிருந்தீர்கள். எனக்கு அது சுத்தமாக ஆகாது. அவன் என்ன சொல்வான் என்று நிச்சயமாகத் தெரியாததால், ஊரார் கூடும் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்குப் போன இடத்தில் அவன் சிநேகிதன் கர்ட்டிஸைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டேன்.

"கர்ட்டிஸ், கஞ்சா விக்கக் கடை தெறந்தா வெஸ் என்னடா சொல்லுவான்?"

"என்ன மிஸ்டர் கே, திடீர்னு? கடை தெறக்கறதுக்கு முன்னாடியே வரிசைல நிப்பான்."

எனக்குப் பிடிக்காவிட்டாலும் 'ஆம்' என்றே குறித்தேன். ஓநாய் வேட்டை பற்றிக் கேட்டபோதும், கல்லூரிக் கடன் பற்றிக் கேட்டபோதும் இப்படித்தான் விசாரித்து எழுதினேன். ரிட்ஜ்லி விஷயத்தில் மட்டும் யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அவன் என் மகன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ரிட்ஜ்லி கட்சி ஆட்களுக்குத்தான் ஓட்டு.

ஆகவே மாற்றியது உங்கள் ஆட்கள். அங்கே படிக்கிற பிள்ளைகள் எல்லாம் மில்பர்ன் படம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவர்களை விசாரியுங்கள்.

வெளியே மட்டும் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். சொன்னால் எவனாவது மைக்கைத் தூக்கிக்கொண்டு பண்ணைக்கு வருவான், டோரீன்தான் கதவைத் திறப்பாள்.

ஆர்லன் கோசக்


டன்மோர்,
அக்டோபர் 23

அன்புள்ள திரு. கோசக்,

நீங்கள் சொன்னபடியே விசாரித்தேன். விசாரிக்காமல் இருந்திருக்கலாம்.

வெஸ்லியின் தாளைக் கிடங்கிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். கணினியில் ஏற்றியவர் தவறு செய்யவில்லை. தாளில் குறி மில்பர்ன் கட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ரிட்ஜ்லி கட்டத்தில் முன்பு ஒரு குறி இருந்து ரப்பரால் அழிக்கப்பட்டிருக்கிறது. சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுந்தின தடம் தெரிகிறது. நீங்கள் பொய் சொல்லவில்லை. அதற்கு அர்த்தம் என் மையத்துக்குள் யாரோ ஒருவர் பதிலைத் திருத்தியிருக்கிறார் என்பதுதான்.

உறைகளைப் பிரிப்பது ஜோலின் என்ற இரண்டாம் ஆண்டு மாணவி. அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நேராகவே கேட்டேன்.

"ஜோலின், இத நீ அழிச்சியா?"

"டாக்டர், நான் எதுக்கு அழிக்கணும்? எங்க வீட்டுல எல்லாரும் ரிட்ஜ்லிதான். நானே போன வாரம்தான் அவருக்கு முன்கூட்டியே ஓட்டுப் போட்டுட்டு வந்தேன்" என்று அழுதாள். அடையாள அட்டையைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனவள் திரும்பி வரவில்லை. நான் அவளை நம்புகிறேன். நம்புகிறேன் என்பதை அவள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு பல்கலைக்கழகத் தலைவரிடம் போய் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காப்பியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"ரோவேனா, நம்ம பேரு போன வாரம் நாலு சேனல்ல வந்துச்சு. நம்ம ஃபுட்பால் டீம் இருபது வருஷமா வாங்கிக் குடுக்காத பேரு. தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா அந்த ஆள் உயிரோட இல்ல சார்."

"செத்தவங்க யாரும் வந்து புகார் குடுக்கப் போறதில்லையே. தேர்தல் முடியட்டும். அப்புறம் எண்ணற முறைய மாத்திக்கிட்டோம்னு ஒரு வரி போட்டுரலாம்."

இருபது ஆண்டுகளாக அந்த மனிதரை நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை, அதுதான் இன்னும் அதிர்ச்சியாக இருக்கிறது.

திங்கட்கிழமை நானே நிருபர்களைக் கூட்டிச் சொல்லிவிடப் போகிறேன். இன்னொரு கணிப்பு எடுக்க நேரம் இல்லை, ஆனால் பழையது தவறு என்று சொல்ல நேரம் இருக்கிறது. உங்கள் பெயர், ஊர், கவுண்டி எதுவும் என் வாயிலிருந்து வராது. உங்களுக்கு இதுதான் நான் தரக்கூடிய வாக்கு. இதற்கு மேல் தர முடியவில்லை, மன்னியுங்கள்.

ரோவேனா டீட்ஸ்


லட்டிமர் கவுண்டி,
அக்டோபர் 25

டாக்டர் டீட்ஸ்,

அந்த ஆள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை, ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வது எனக்கு ஒத்துவருகிறது.

பெயர் சொல்லமாட்டேன் என்கிறீர்கள். வடக்குப் பக்கம், இருபத்திரண்டு வயது, செத்துப்போனவன் என்று சொன்னால் பெயர் எதற்கு? இங்கே அந்த வருஷம் அந்த வயதில் போனவன் ஒருத்தன்தான். தேவாலயத்தில் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவள்கூடக் கண்டுபிடித்துவிடுவாள்.

டோரீனைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அவனைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. அதனால் நானும் சொல்வதில்லை. சாப்பாட்டு மேஜையில் எங்களுக்குப் பேச இருப்பது பால், மழை, ட்ராக்டர். அவ்வளவுதான் வீடு. அதையும் நீங்கள் உடைத்துவிட்டால் நாங்கள் எதை வைத்துக்கொண்டு உட்காருவது? அவன் சார்பில் நான் என்ன எழுதினேன் என்று அவள் என்னைக் கேட்டால் நான் எந்த முகத்தோடு பதில் சொல்வது?

நீங்கள் திங்கட்கிழமை பேசினால் நானும் பேசுவேன். டவுனில் ரேடியோ நிலையம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் என் பையன் பதிலை அழித்துத் திருத்தினார்கள் என்று சொல்வேன், அழித்த தடம் இருக்கிறது என்று நீங்களே எழுதிய கடிதத்தைக் காட்டுவேன். அதற்கப்புறம் எவனும் உங்களிடம் மணி என்ன என்றுகூடக் கேட்கமாட்டான்.

இப்படி எழுத எனக்கு ஆசை இல்லை. எழுத வைக்கிறீர்கள்.

ஆர்லன் கோசக்


டன்மோர்,
அக்டோபர் 30

அன்புள்ள திரு. கோசக்,

உங்கள் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. படித்தேன், இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருந்தும் நேற்றுப் பேசிவிட்டேன்.

வடக்கு என்று சொல்லவில்லை, வயது சொல்லவில்லை. நீண்ட கால உறுப்பினர் ஒருவர் காலமாகிவிட்டார், அது தெரியாமல் அவர் பெயரில் வந்த பதில்களைச் சேர்த்துக்கொண்டோம், அந்த ஒருவரை வரம்பில்லாமல் எண்ணியது என் முடிவு, என் பிழை என்றேன். அந்தத் தாளில் ஒரு பதில் அழித்து எழுதப்பட்டிருக்கிறது, யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். நீங்கள் சொல்லப்போவதாகப் பயமுறுத்தியதை நானே சொல்லிவிட்டேன். உங்கள் மிரட்டலிலிருந்து தப்பிக்க அல்ல, அது உண்மை என்பதால்.

பின்வரிசையிலிருந்து ஒரு நிருபர் கத்தினார்: "டாக்டர், அடுத்த தடவ கல்லறைக்கே ஆள் அனுப்பிக் கேப்பீங்களா?" அறை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நீங்கள் கர்ட்டிஸைத் தனியாக இழுத்துக்கொண்டு போனது அப்போது கண்முன் வந்தது. எண்ணூறு பேரில் எவரும் ஒரு கேள்விக்கு அவ்வளவு யோசித்திருக்கமாட்டார்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

இன்று காலையில் என் அறைச் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். மையத்தை மூடுவதா, வேறு பெயரில் நடத்துவதா என்று குழு கூடிப் பேசுமாம். என் வேலைக்காக நான் அழவில்லை, ஜோலினுக்காக அழுதேன். அவள் அம்மா போனில் என்னிடம் "எம்பொண்ணு பொய் சொல்லமாட்டாங்க" என்று ஒரு வரி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

உங்கள் வீட்டில் என்ன நடந்ததோ என்று பயமாக இருக்கிறது. திட்டியாவது எழுதுங்கள்.

ரோவேனா டீட்ஸ்


கோசக் பண்ணை,
நவம்பர் 2

அன்புள்ள டாக்டர் டீட்ஸ்,

இந்தக் கடிதத்தைச் சமையலறை மேஜையில் வைத்தே எழுதுகிறேன். டோரீன் எதிரில் இருக்கிறாள்.

ரேடியோ நிலையத்துக்கு நான் போகவில்லை. செவ்வாய் மதியம் சாப்பாட்டுக்கு உள்ளே வந்தேன். டோரீன் கோழி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள், ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் பேசியதை வாசித்தார்கள். நான் ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் காலுறையுமாக அப்படியே நின்றுவிட்டேன். டோரீன் அடுப்பைத் தணித்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அது நம்ம வெஸ்தானே?"

ஒன்றே முக்கால் வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் அந்தப் பெயர்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எத்தன நாளா தெரியும்னு கேளு. நீ பால் கறந்துட்டு ரோட்டோரத் தபால் பெட்டில உறைய வெச்சுட்டு, தபால்காரன் எடுக்கணும்னு அதோட கொடியத் தூக்கி விட்டுட்டுப் போவ. தபால்காரன் வர்றதுக்கு முன்னாடி நான் போய் எடுத்துட்டு வந்துருவேன். கெட்டில் ஆவில காட்டினா பசை தானா விட்டுரும். படிச்சுட்டு மறுபடி ஒட்டி வெச்சுருவேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். கஞ்சாவுக்கு ஆமான்னு போட்டிருந்த பாரு, அன்னிக்கு இந்த மேஜைல உக்காந்து சிரிச்சேன் ஆர்லன். அவன் போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சேன்."

டாக்டர், அழித்தது டோரீன்தான். ரப்பர் எங்கள் வீட்டு ரப்பர். உங்கள் மாணவர்களை நான் எழுதிக் கேவலப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஜோலினின் முகவரியை அனுப்புங்கள், அந்தப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் டோரீன் தன் கையால் எழுதுகிறாள். நீங்கள் யாரிடம் காட்ட வேண்டுமோ அவர்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம், பெயரையும் சொல்லலாம். இனி இங்கே மறைக்க எதுவும் இல்லை.

நான் அவளிடம் கோபப்பட்டேன். சத்தம் போட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

"நான் அவனுக்காக யோசிச்சு யோசிச்சு எழுதினத நீ எதுக்குடி அழிச்ச?"

"மத்ததெல்லாம் உனக்கு ஆறுதலா இருக்குன்னு விட்டுட்டேன். முன்னாடி ரிட்ஜ்லின்னு போட்டப்பக்கூட விட்டேன். இந்தத் தடவ தேர்தல் நெருங்கிருச்சு, இது ஓட்டு. அவன் ஓட்ட நீ போடக் கூடாது."

"அவன் ரிட்ஜ்லி ஆளு. எம்பையன எனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். மில்பர்ன் முதல் முறை செனட்டுக்கு நின்றபோது வெஸ் அவள் கூட்டத்துக்குப் போனானாம். என்னிடம் ட்ராக்டர் ஏலத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கைகொடுத்துவிட்டு வந்து, "அம்மா, இந்தம்மா ஒருநாள் கவர்னருக்கு நிக்கும் பாரு, என் ஓட்டு அவங்களுக்குத்தான்" என்று இதே சமையலறையில் குதித்தானாம். நான் அப்போது கொட்டகையில் இருந்திருப்பேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அத மட்டும் சொல்லிட்டு நிறுத்த முடியுமா? பண்ணையப் பத்தியும் சொல்லணுமே."

பண்ணையைப் பற்றி என்ன என்று கேட்டேன். அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பெரிய ஏரிகளில் ஓடும் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்ததாம் அவனுக்கு. துறைமுகத்தில் பயிற்சி, தங்க அறை, எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. மாடு கறந்தே காலத்தைத் தள்ள அவனுக்கு இஷ்டமில்லை, சின்ன வயதிலிருந்தே இல்லை. மூன்று தலைமுறை என்று நான் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான். அடக்கம் என்று நினைத்திருந்தேன்.

"எப்பப் போறதா இருந்தான்?"

டோரீன் கையிலிருந்த கரண்டியை மேஜையில் வைத்தாள்.

"பயிற்சி ஜனவரில. முத வாரமே கெளம்பியிருக்கணும். அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்னு நின்னுட்டான். அங்க கேட்டு ஒரு மாசம் தள்ளிப் போட்டுக்கிட்டான். உன் மூஞ்சியப் பாத்ததும் வாய் வரல. அடுத்த வாரம்மா, அடுத்த வாரம்மான்னே சொல்லிட்டு இருந்தான்."

அவள் இத்தனை நாள் ஏன் பேசாமல் இருந்தாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஏரியில் பனி உடைந்தது பிப்ரவரியில்.

சூப் அடிப்பிடித்துவிட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

உங்கள் சாவியை வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் காரணம் நான்தான், என்னால் அதைச் சரிசெய்ய முடியாது. வெஸ்லியை உங்கள் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். அவன் பெயரில் நான் அனுப்பிய தாள்கள் எல்லாம் உங்கள் கிடங்கில் இருக்கும். அந்த மில்பர்ன் குறி ஒன்றுதான் அவனுடையது. மற்றதெல்லாம் நான்.

ஆர்லன் கோசக்